கல்குவாரிக்கான கருத்துக் கேட்பு: மேடைக்கு முன்னும் பின்னும் நாங்கள் செய்தவை

பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு எண்ணங்கள் நிலவின. பெருங்கூட்டமாகத் திரண்டுபோய் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் திட்டம் நின்றுவிடும் என்று ஒரு சாரார் நம்பினார்கள். எல்லாம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது, கூட்டம் கண்துடைப்புக்குத்தான் என்று மறுசாரார் சொல்லிக்கொண்டு வீட்டிலேயே இருக்க விரும்பினார்கள். ஊரையொட்டிய கல்குவாரித் திட்டம் ஒன்றுக்கு அறிவிப்பு வந்ததிலிருந்து சுற்றுச்சூழல் அனுமதி ஆணை கைக்கு வந்தது வரை கூடவே இருந்தவன் என்ற முறையில், இந்த இரண்டுக்கும் நடுவே உண்மையில் என்ன நடக்கிறது என்பதை எழுதிவைக்க விரும்புகிறேன். நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். காகிதங்களை வரி விடாமல் படிக்கும் பழக்கத்தைத் தவிர வேறு தகுதி எதுவும் எனக்கு இல்லை. ஊரின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் இங்கே தவிர்த்துவிடுகிறேன்.

எங்கள் பக்கம் காங்கயம், தாராபுரம், கரூர் வட்டாரங்களில் காணப்படும் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் உள்ள பகுதி. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் இடையிடையே வெள்வேல மரங்களும் நிற்கும். காங்கயம் மாடுகளும் செம்மறி ஆடுகளும் அதை நம்பித்தான் வளர்கின்றன. மண்ணுக்கடியில் பாறை. ஆகவே குவாரி எங்களுக்குப் புதிதல்ல. ஊரில் கட்டிய ஒவ்வொரு வீட்டிலும் இந்தப் பகுதியின் ஜல்லி இருக்கிறது. டிப்பர் ஓட்டுபவர்களும் கிரஷரில் வேலை செய்பவர்களும் எங்கள் உறவினர்களே. இதைச் சொல்லாமல் விட்டுவிட்டால், பிறகு நடந்த வாக்குவாதங்கள் எவையும் விளங்காது.

புதிய குவாரியின் பரப்பு மட்டும் என்றால் கருத்துக் கேட்பு நடந்திருக்காது. கட்டடக் கல், மணல் போன்ற சிறு கனிமங்களைப் பொறுத்தவரை, 500 மீட்டர் தொலைவுக்குள் இருக்கும் மற்ற குவாரிகளையும் சேர்த்துக் கணக்கிட்டு, மொத்தப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால்தான் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் கருத்துக் கேட்பும் கட்டாயமாகின்றன. எங்கள் விஷயத்தில் பக்கத்துக் குவாரிகளும் சேர்ந்ததால் அந்த வரம்பு தாண்டியது. 500 மீட்டருக்குள் எந்தெந்தக் குவாரிகள் உள்ளன என்பதற்குக் கனிமவளத் துறை அலுவலகம் தரும் கடிதம் அறிக்கையின் இணைப்பில் இருக்கும். அதை முதலில் எடுத்துப் பார்த்து, இயங்கும் குவாரியோ கைவிடப்பட்ட குழியோ விடுபட்டிருக்கிறதா என்று ஊர்க்காரர்கள் சரிபார்ப்பது நல்லது. அலுவலகத்தில் இருப்பவர்களைவிட ஆடு மேய்ப்பவர்களுக்கு அந்தக் குழிகள் நன்றாகத் தெரியும்.

2006 செப்டம்பர் 14 அன்று வெளியான மத்திய அரசின் அறிவிக்கைதான் இந்த நடைமுறைக்கு அடிப்படை. கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன்பு, தேசிய நாளிதழ் ஒன்றிலும் வட்டார மொழி நாளிதழ் ஒன்றிலும் விளம்பரம் வர வேண்டும். வரைவு அறிக்கையும் அதன் தமிழ்ச் சுருக்கமும் ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், உள்ளாட்சி அலுவலகம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம் ஆகியவற்றில் பார்வைக்கு இருக்க வேண்டும். இந்த 30 நாட்கள்தான் உண்மையான கருத்துக் கேட்பு என்பது என் எண்ணம். 2020ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட புதிய வரைவு அறிவிக்கையில் இதை 20 நாட்களாகக் குறைக்கும் யோசனை இருந்தபோது நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது ஏன் என்பது, ஒருமுறை அந்தக் கட்டு அறிக்கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்குப் புரியும். முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ்ச் சுருக்கம் சில பக்கங்களே. அதில் பெரும்பாலும் திட்டத்தின் நன்மைகளும் பொதுவான உறுதிமொழிகளும்தான் இருக்கும். ஊர்க்காரர்களுக்குத் தேவையான செய்திகள் எல்லாம் ஆங்கில அறிக்கையின் அட்டவணைகளிலும் வரைபடங்களிலும் இணைப்புகளிலும் கிடக்கின்றன.

நாங்கள் அறிக்கையை முதலிலிருந்து கடைசி வரை படிக்க முயலவில்லை. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளை ஊராட்சி அலுவலகத்துக்கு வரவழைத்து, ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக்கொடுத்தோம். ஒருவர் நிலவரைபடத்தை மட்டும் பார்த்தார். ஒருவர் நீர் பற்றிய அட்டவணைகளை. ஒருவர் வாகனப் போக்குவரத்தை. மற்றொருவர் தாவரங்கள், விலங்குகள் பட்டியலை. ஒவ்வொருவரும் தாம் படித்ததை மாலையில் கோயில் திண்ணையில் தமிழில் சொன்னார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். பிழைகளைக் கண்டுபிடித்தவர்களும் பெரும்பாலும் அவர்களே. நிலத்தடி நீர்மட்டம் அளக்கப்பட்டதாகக் காட்டப்பட்டிருந்த கிணறுகளின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை ஒரு பையன் கைபேசியில் போட்டுப் பார்த்தபோது, அவற்றில் ஒன்று தார்ச்சாலையின் நடுவே வந்து நின்றது. திண்ணை முழுவதும் சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்பை அப்படியே விட்டுவிடாமல், பக்க எண், அட்டவணை எண், புல எண் ஆகியவற்றோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டோம்.

தாவரப் பட்டியல் இன்னும் சிக்கலானது. அதில் பொய் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை; ஆனால் கொரங்காடு இல்லை. அறிக்கைக்கான கள ஆய்வு கோடைக்காலத்தில் நடந்திருந்தது. மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தின் தரவே போதும் என்பதுதான் விதி. சித்திரை வெயிலில் வந்து பார்ப்பவர் கண்ணுக்கு எங்கள் மேய்ச்சல் நிலம் காய்ந்த பொட்டலாகத்தான் தெரியும்; ஐப்பசி மழைக்குப் பிறகு வந்தால் முழங்கால் உயரப் புல் நிற்கும். ஆகவே எத்தனை பட்டி ஆடுகளும் மாடுகளும் எந்தப் புல எண்களில் எந்த மாதங்களில் மேய்கின்றன என்று வீடு வீடாகக் கேட்டு நாங்களே ஒரு பட்டியல் தயாரித்தோம். மழைக்குப் பின் எடுத்த பழைய புகைப்படங்கள் திருமண ஆல்பங்களிலிருந்தும் மாட்டுச் சந்தைக்காக எடுத்த படங்களிலிருந்தும் கிடைத்தன. சில அவ்வளவு தெளிவாக இல்லை. இருந்தாலும் தேதியோடு இணைத்தோம்.

எங்களுக்கு மிகவும் பயன்பட்ட வேலை, வீடுகளையும் கிணறுகளையும் நாங்களே குறித்ததுதான். தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியிலிருந்து 300 மீட்டருக்குள் கற்குவாரி அமைக்கக் குத்தகை தரக்கூடாது. இதைக் கேட்டவுடன் ஊரில் எல்லோரும் நிம்மதியடைந்தார்கள். ஆனால் அந்த விதியின்படி குடியிருப்பு என்றால், வருவாய்ப் பதிவேடுகளில் ஊராகவோ வீட்டுமனையாகவோ குறிக்கப்பட்ட இடம், அல்லது முறையாக அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு. கொங்குப் பகுதியில் குடும்பங்கள் ஊர் நத்தத்தில் நெருக்கமாக வாழ்வதைவிடத் சாளை என்னும் தோட்டத்து வீடுகளில் தனித்தனியாக வாழ்வதே அதிகம். அந்த வீடுகள் நிற்பதோ பதிவேட்டில் வெறும் புன்செய் நிலம். எனவே 300 மீட்டருக்குள் குடியிருப்பு இல்லை என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் சான்று பதிவேட்டின்படி சரியாக இருக்கும்போதே, அந்த வட்டத்துக்குள் மனிதர்கள் சமைத்து உண்டு உறங்கிக்கொண்டும் இருக்கலாம். இதை வெறும் வாதமாகச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். ஒவ்வொரு சாளைக்கும் மின் இணைப்பு எண், வீட்டு வரி ரசீது, குடும்ப அட்டை நகல், திட்ட எல்லையிலிருந்து தொலைவு ஆகியவற்றைச் சேர்த்து ஒரு வரைபடம் தயாரித்தோம். அனுமதி தரலாமா என்று பரிசீலித்துப் பரிந்துரைக்கும் மாநில மதிப்பீட்டுக் குழு எங்கள் விஷயத்தில் பின்னர் பெரிதும் கவனம் செலுத்தியது இந்த ஓர் ஆவணத்தில்தான்.

கிராம சபையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எங்கள் கிராம சபையிலும் தீர்மானம் போட்டோம். ஒடிசாவின் நியம்கிரி மலையில் 2013ஆம் ஆண்டு 12 கிராம சபைகள் பாக்சைட் சுரங்கத்தை நிராகரித்ததை ஓர் இளைஞர் எடுத்துச் சொல்ல, நமது தீர்மானமும் அப்படியே செல்லும் என்ற நம்பிக்கை பலருக்கு ஏற்பட்டது. அந்தக் கிராம சபைகளின் முடிவுக்குப் பின்னால் வன உரிமைச் சட்டமும் உச்ச நீதிமன்றத்தின் ஆணையும் இருந்தன. பட்டா நிலத்தில் வரும் குவாரிக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. அதே நேரத்தில் தீர்மானம் வீண் என்றும் சொல்ல முடியாது. மதுரை அரிட்டாபட்டிப் பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2025 ஜனவரியில் ரத்து செய்யப்பட்டதற்கு முன்னால், மேலூர் வட்டாரக் கிராம சபைகளின் தீர்மானங்களும், மக்கள் திரண்ட பேரணியும், 2024 டிசம்பரில் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானமும் இருந்தன. தீர்மானம் தனியாக எதையும் நிறுத்துவதில்லை. மற்றவை அதன்மேல் ஏறி நிற்கின்றன. ஆகவே வேண்டாம் என்ற ஒற்றை வரியோடு நிற்காமல், காரணங்களையும் புல எண்களையும் தீர்மானத்திலேயே எழுதி, ஊராட்சிச் செயலரின் கையொப்பமிட்ட நகலைக் கையோடு வாங்கிக்கொண்டோம்.

இனி கூட்ட நாள். சாமியானாப் பந்தல், காவலர்கள், முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், பெயர் பதிவு செய்யும் மேசை. வெளியூரிலிருந்து வேன்களில் வந்த ஆதரவாளர்கள் முன்வரிசையை நிரப்பியிருந்தார்கள். அவர்களைக் கூலிக்கு வந்தவர்கள் என்று எங்கள் பிள்ளைகள் கத்தத் தொடங்கியபோது நான் தடுத்தேன். அவர்களில் பலர் கிரஷர் தொழிலாளர்கள். அவர்களுடைய வேலை பற்றிய அச்சம் உண்மையானது. பேசுவதற்கு அவர்களுக்கும் உரிமை உண்டு. மேலும் அங்கே வாக்கெடுப்பு இல்லை. எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும் என்ற குறைந்தபட்ச எண்ணிக்கைகூட விதியில் கிடையாது. தலைமை வகிக்கும் ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ அன்று அனுமதி தருவதும் இல்லை, மறுப்பதும் இல்லை. பேசப்படுவதைப் பதிவு செய்து அனுப்புவதே அவர்கள் கடமை. முடிவெடுக்கும் மாநில ஆணையமும் அதற்குப் பரிந்துரைக்கும் மதிப்பீட்டுக் குழுவும் சென்னையில் இருக்கின்றன. அவர்கள் கையில் போய்ச் சேர்வது நடவடிக்கைக் குறிப்பும், நிறுவனம் அதற்கு எழுதும் பதிலும், காணொளிப் பதிவும்தான். மேடையைப் பார்த்துக் கோபமாகப் பேசியவர்களின் பேச்சு குறிப்பில் ‘எதிர்ப்புத் தெரிவித்தார்’ என்ற இரண்டு சொற்களாகச் சுருங்கிப்போனதைப் பிறகு பார்த்தோம்.

எனவே பேசுவதற்குப் பெயர் கொடுத்தவர்கள் ஆளுக்கொரு செய்தியை மட்டும் எடுத்துக்கொள்வது என்று முன்னரே முடிவு செய்திருந்தோம். கேள்வியை மறுமொழி சொல்லித் தப்பிக்க முடியாதபடி அமைப்பதற்கு எங்களுக்குச் சில மாலைகள் பிடித்தன. ‘தூசி வரும், பிள்ளைகள் பாதிக்கப்படுவார்கள்’ என்று சொன்னால், ‘தண்ணீர் தெளிக்கப்படும்’ என்று பதில் வரும், முடிந்துவிடும். அதற்கு மாறாக, அறிக்கையில் காட்டியுள்ள ஆண்டு உற்பத்தியை வேலை நாட்களாலும் ஒரு டிப்பரின் கொள்ளளவாலும் வகுத்து, ஒரு நாளைக்கு எத்தனை லாரிகள் என்று கணக்கிட்டால், போக்குவரத்து அத்தியாயத்தில் சொல்லப்பட்ட எண்ணிக்கையைவிட அது கூடுதலாக வருகிறதே, இவற்றில் எது சரி, பள்ளி திறக்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் அந்த லாரிகள் எந்தச் சாலையில் போகும், தெளிக்கும் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வரும் என்று கேட்டோம். தண்ணீரின் மூலத்தைப் பற்றிய அந்தக் கடைசிக் கேள்விக்கு மேடையில் பதில் இல்லை. இறுதி அறிக்கையில் பதில் வந்தது.

நாங்கள் திட்டமிடாத ஒன்றும் நடந்தது. பெண்கள் யாரும் பெயர் கொடுக்கவில்லை. பின்வரிசையில் சேலைத் தலைப்பால் வெயிலை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நிறுவனத்தின் ஆலோசகர் திரையில் வரைபடத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது, சாளையில் தனியாக வாழும் ஒரு வயதான அம்மா எழுந்து திரைக்கு அருகிலேயே வந்துவிட்டார். “ஏனுங்க, இந்தப் படத்துல ஓடை இருக்குது, பாறை இருக்குது, எங்க கெணத்த மட்டும் காணமுங்களே. நாலு தலைமுறையாத் தண்ணி எறைக்கறமுங்க” என்றார். ஆலோசகர் வரைபடத்தைப் பார்த்தார், குறித்துக்கொள்கிறோம் என்றார். அதன்பின் மேலும் சில பெண்கள் பேசினார்கள். கிணற்றையும் மேய்ச்சலையும் நாள்தோறும் கையாள்பவர்கள் அவர்கள். பேச்சாளர் பட்டியலை ஆண்கள் மட்டும் திண்ணையில் தயாரித்தால் அந்த அறிவு வெளியே வராது. அடுத்தமுறை எந்த ஊரிலாவது இதற்குத் தயாரானால், ஆடு மாடு அடைத்த பிறகு பெண்கள் கூடும் இடத்தில் தனியாக ஒரு கூட்டம் போடுங்கள் என்று சொல்வேன்.

இன்னொரு வகைப் பேச்சும் உண்டு. கோயிலுக்குச் சுற்றுச்சுவர், பள்ளிக்குக் கழிப்பறை, தெருவுக்கு விளக்கு என்று கேட்பது. இவை தேவையானவைதான். ஆனால் ஒருவர் தம் பேச்சில் இவற்றை மட்டும் கேட்டால், நடவடிக்கைக் குறிப்பில் அவர் திட்டத்தை ஆதரித்தவராகவே பதிவாகிவிடுகிறார். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 செப்டம்பரில் வெளியிட்ட குறிப்பாணைக்குப் பிறகு, கருத்துக் கேட்பில் எழும் பிரச்சினைகளுக்கு நிறுவனம் தரும் உறுதிமொழிகள் சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டத்தில் செயல்களாக இடம்பெற வேண்டும். எனவே கேட்பதை ஓடைக்கரை வேலி, கிணற்று நீர்மட்டக் கண்காணிப்பு, சாலையோர மரங்கள் என்று பாதிப்போடு தொடர்புடையதாகக் கேட்பதே நல்லது. சுற்றுச்சுவரை ஊர் கட்டிக்கொள்ளலாம்.

கூட்டம் முடியும் கட்டம்தான் எல்லோரும் தவறவிடும் கட்டம். கூட்ட நடவடிக்கைகளின் சுருக்கத்தை அன்றே, வந்திருப்பவர்களின் மொழியில் படித்துக் காட்டி, ஒப்புக்கொள்ளப்பட்ட குறிப்பில் தலைமை வகித்தவர் அன்றே கையொப்பமிட வேண்டும் என்று 2006 அறிவிக்கையின் நான்காம் பிற்சேர்க்கை சொல்கிறது. ஆனால் மதியம் ஒரு மணிக்கு மேல் பந்தல் காலியாகிவிடுகிறது. பசி, வெயில், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நேரம். படித்துக் காட்டும்போது கேட்க ஆள் வேண்டும் என்பதற்காகவே சிலரை இறுதி வரை இருக்கும்படி ஏற்பாடு செய்திருந்தோம். விடுபட்டிருந்த செய்திகளை அவர்கள் எழுந்து சொல்ல, அவை சேர்க்கப்பட்டன. பேசியதையெல்லாம் எழுத்து வடிவிலும் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் பெற்றுக்கொண்டோம். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்து மூலமாக அனுப்பும் கருத்துக்கும் மேடைப் பேச்சுக்கும் சட்டப்படி ஒரே மதிப்புதான். திருப்பூரிலும் பெங்களூருவிலும் வேலை பார்க்கும் எங்கள் பிள்ளைகளில் பலர் அவ்வாறே அனுப்பினார்கள்.

அதன்பின் நீண்ட மௌனம். இந்த இடைவெளியில் மதிப்பீட்டுக் குழுவின் கூட்டப் பொருள் பட்டியலையும் குறிப்புகளையும் இணையத்தில் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள் வேண்டும். எங்களுக்கு ஊரின் கணினி மையம் நடத்தும் தம்பி உதவினார். நிறுவனம் தன் இறுதி அறிக்கையில் எங்கள் கேள்விகளுக்கு எழுதியிருந்த பதில்களைப் படித்து, எங்கெங்கே பதில் வழுவியிருக்கிறது என்று குழுவுக்கே ஒரு கடிதம் அனுப்பினோம். கோவா சுரங்கம் ஒன்று தொடர்பான உத்கர்ஷ் மண்டல் வழக்கில் 2009ஆம் ஆண்டு தில்லி உயர் நீதிமன்றம், கருத்துக் கேட்பில் எழுந்த ஆட்சேபங்களை மதிப்பீட்டுக் குழு பரிசீலித்ததற்கான காரணங்கள் பதிவில் தெரிய வேண்டும் என்று கூறியிருப்பதை அந்தக் கடிதத்தில் குறிப்பிட்டோம். குழு கூடுதல் விவரங்களைக் கேட்டது. 500 மீட்டர் தொலைவுக்குள் உள்ள வீடுகள், கிணறுகள் பற்றிய புதிய கணக்கெடுப்பும் அதில் அடங்கும்.

முடிவில் அனுமதி வழங்கப்பட்டது. தோண்டும் ஆழம் குறைக்கப்பட்டது. ஓடைப் பக்கம் விட வேண்டிய இடைவெளி கூடியது. வெடி வைக்கும் நேரம் வரையறுக்கப்பட்டது. கிணறுகளின் நீர்மட்டத்தைத் தொடர்ந்து அளக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. இதை வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குவாரிக்கான இடம் தேர்வாகி, குத்தகைக்கான நடவடிக்கை பெருமளவு நகர்ந்த பிறகுதான் மக்களிடம் கேட்கிறார்கள். இந்த இடத்தில் வேண்டுமா, வேறிடத்தில் இயலுமா என்ற கேள்விக்கு அந்தப் பந்தலில் இடமே இல்லை. 1992இல் ரியோ மாநாட்டுப் பிரகடனத்தின் பத்தாம் கோட்பாடு, சுற்றுச்சூழல் சார்ந்த முடிவுகளில் மக்கள் பங்கேற்பையும் தகவல் பெறும் வாய்ப்பையும் நீதி பெறும் வழியையும் ஒன்றாகச் சேர்த்துச் சொன்னது. நம் நாட்டில் 1997இல் கட்டாயமான கருத்துக் கேட்பு அதில் ஒரு பங்கை மட்டும், அதுவும் காலம் கடந்து, தருகிறது என்பதே என் மதிப்பீடு.

அனுமதியை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போவதா என்பதில் ஊர் இரண்டுபட்டது. ஆணை தெரியவந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள் வரை ஏற்கப்படலாம். செலவு, சென்னைக்கு அலைச்சல், நிபந்தனைகளையும் இழந்துவிடுவோமோ என்ற தயக்கம் எல்லாம் சேர்ந்து நாங்கள் போகவில்லை. நாங்கள் விலைபோய்விட்டோம் என்று சொல்பவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுடன் ஒரே பந்தியில்தான் உட்காருகிறோம். இந்த முடிவை முன்கூட்டியே, ஆணை வருவதற்கு முன்பே, ஊர் கூடிப் பேசி வைத்திருப்பது நல்லது. 30 நாட்கள் என்பது ஊர்க் கூட்டம் கூட்டுவதற்குள் ஓடிவிடும்.

ஆணை கிடைத்த பிறகான வேலை பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. அனுமதி பெற்ற செய்தியை நிறுவனம் மாவட்டத்தின் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரப்படுத்த வேண்டும். ஆணையின் நகலை உள்ளாட்சி அமைப்புக்குத் தர வேண்டும். அது 30 நாட்கள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றிய அறிக்கையை ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாட்களில் ஒழுங்குமுறை அலுவலகங்களுக்குச் சமர்ப்பிக்க வேண்டும்; அது பொது ஆவணம். எங்கள் பகுதியில் 2025 ஜனவரியில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பேற்றதால், இந்தக் காகிதங்களைக் கேட்டு வாங்கும் வேலை முழுவதும் ஊர்க்காரர்கள் தலையில்தான் விழுந்திருக்கிறது.

வெடி தொடங்கும் முன்பே, சுற்றியுள்ள சாளைகளின் சுவர்களைத் தேதி தெரியும்படி படம் எடுத்து வைத்தோம். இல்லையென்றால் பின்னால் வரும் விரிசலைப் பழைய விரிசல் என்று சொல்லிவிடுவார்கள். கிணற்று நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து, மாதந்தோறும் ஒரே நாளில் நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறோம். அந்த அம்மாவின் கிணறு இப்போது நிறுவனத்தின் கண்காணிப்புப் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் அரையாண்டு அறிக்கையில் அதற்குத் தரப்பட்டுள்ள அளவும் எங்கள் நோட்டில் உள்ள அளவும் ஒத்துப்போகவில்லை. எந்தத் தேதியில், எந்த முறையில், யார் முன்னிலையில் அளந்தார்கள் என்பதைக் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு அனுப்பியிருக்கிறோம். அடுத்த அளவீட்டை இரு தரப்பும் ஒன்றாக நின்று எடுக்க வேண்டும் என்று ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் ஒரு மனு கொடுத்திருக்கிறோம்.